திறக்காத ஏழு மணி நேரம்

மணி ஒன்றேகால். கரண்ட் போய் நாலேகால் மணி நேரம் ஆகிறது, இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் வராது, பேப்பரில் அப்படித்தான் போட்டிருக்கிறான், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மாதாந்திரப் பராமரிப்பு, அதற்குக் கீழே வரிசையாகத் தெருப் பெயர்கள், நடுவில் எங்கள் தெரு. அதை நான் படித்தது ஒன்பது மணி ரெண்டு நிமிடத்துக்கு, கரண்ட் போன பிறகு, மாவு தேய்ப்பதற்காக மேசையில் விரித்த பேப்பரைச் சுருட்டும்போது. நேற்றைய பேப்பர். அதன் மேல் மாவைக் கொட்டத் தெரிந்தவனுக்கு அதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. சரி, போகட்டும், இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான். பதினெட்டு வருடம் கப்பலில் பேஸ்ட்ரி போட்ட பொன்னுலிங்கத்துக்குத் தூத்துக்குடி மின்வாரியம் எம்மாத்திரம். ஃப்ரீசரில் எப்போதும் நாலு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்திருப்பேன், கப்பல் பழக்கம், அந்த நாலையும் ஒரே தடவையில் எடுத்து, மேல்தட்டில் ரெண்டு, நடுத்தட்டில் ரெண்டு என்று படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒன்பது மணி ஆறு நிமிடம். அதற்குப் பிறகு குளிக்கப் போன கால்மணி நேரம் தவிர, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை பிரிட்ஜுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்து மூன்று வயதுக்காரன் சமையலறையில் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். சிரிக்கட்டும். திறக்காத பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், பாட்டில் இருந்தால் இன்னும் மூன்று, ஆக ஏழு. மகள் முத்தரசி நாலு மணிக்கு வருகிறாள். ஒன்பதிலிருந்து நாலு வரை ஏழு. கணக்கு பிசகாமல் இருக்கிறது, யாரும் திறக்காமல் இருந்தால் போதும்.

கண்ணை மூடினாலும் உள்ளே இருப்பது தெரிகிறது. நடுத்தட்டில் வெள்ளைத் தட்டு, தட்டில் பன்னிரண்டு. கைப்பிடி அளவு மாவுக் கிண்ணம், வெண்ணெய் அதிகம், தண்ணீர் கொஞ்சம், விரலால் பிசைந்தால் விரல் சூட்டில் வெண்ணெய் இளகும் என்று ராத்திரியே பிசைந்து குளிர வைத்துக் காலையில் சுட்டது. கிண்ணத்தின் உள்பக்கம் வெள்ளை சாக்லேட்டை உருக்கி ஒரு பூச்சு, அது இருந்தால் கஸ்டர்டின் ஈரம் மாவுக்குள் இறங்காது. வீட்டில் செய்கிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள், விட்டுவிட்டு, மறுநாள் கிண்ணம் நமுத்துப்போச்சு என்று பிரிட்ஜைத் திட்டுவார்கள். பூச்சுக்கு மேல் கஸ்டர்ட், கஸ்டர்டுக்கு மேல் க்ரீம், அதற்கு மேல் பழம். பழத்தைக் கழுவினால் மட்டும் போதாது, ஒவ்வொரு திராட்சையையும் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். அன்னாசியைப் பச்சையாக வைத்தால் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் கெடுக்கும், சர்க்கரையில் ஒரு கொதி விட்டு வடிக்க வேண்டும். மாம்பழம் கொஞ்சம் கெட்டியாக இருக்கையிலேயே நறுக்கிவிட வேண்டும். வாழைப்பழம் கிட்டேயே வரக்கூடாது, அரைமணி நேரத்தில் கறுத்துப்போய் மானத்தை வாங்கும். எல்லாம் வைத்த பிறகு ஜாமை வெந்நீரில் கரைத்து மேலே மெல்லிசாகத் தடவினால் பழம் காயாது, பளபளப்பும் நிற்கும். இப்படிச் செய்து மூடி போட்ட டப்பாவில் அடைத்தால் ரெண்டு நாள் அசையாது. மூடி. அங்கேதான் ஒரு சின்ன விஷயம். முத்தரசிக்குத் திராட்சை பிடிக்குமே என்று கோபுரம் மாதிரி அடுக்கிவிட்டேன், மூடியை வைத்துப் பார்த்தால் உச்சித் திராட்சையில் இடிக்கிறது. ஒரு சுற்று எடுத்திருந்தால் மூடி உட்கார்ந்திருக்கும். எடுக்கவில்லை. வந்து பார்க்கும்போது உயரமாக இருக்கட்டும் என்று ஒரு ஆசை, திறந்த தட்டாகவே உள்ளே வைத்துவிட்டேன். உள்ளே வேறு ஒன்றும் இல்லை, வெங்காயம் கிடையாது, மீன் கிடையாது, நேற்றே எல்லாவற்றையும் காலி பண்ணித் துணியில் சோடா மாவு போட்டுத் துடைத்தாயிற்று. க்ரீமுக்கு மூக்கு உண்டு என்று கப்பலில் புதுப் பையன்களுக்குச் சொல்வேன். பக்கத்தில் எது இருக்கிறதோ அதை இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒன்றும் இல்லை என்றால் மூடி எதற்கு.

சட்டை முதுகோடு ஒட்டுகிறது. மே மாதம், ஃபேன் இல்லை, ஜன்னலைத் திறந்தால் உப்பளத்துக் காற்று, மூடினால் அவியல். பிரிட்ஜ் சத்தமே இல்லாமல் நிற்கிறது, ஓடும்போது ஒரு நாள் கூட அதன் சத்தம் காதில் விழுந்ததில்லை, இப்போது சத்தம் இல்லாதது காதை அடைக்கிறது. கப்பலிலும் அப்படித்தான், செங்கடலில் ஒரு தரம் ஜெனரேட்டர் படுத்துவிட்டது, குளிர்ரூமின் விர்ரென்ற சத்தம் நின்றதும் தூங்கிக்கொண்டிருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இப்படித்தான் ஒரு நாற்காலியைப் போட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன், ஒன்பது மணி நேரம். கேப்டனே வந்தான் ஐஸ் வேண்டும் என்று. கிடையாது போ என்றேன். கேப்டன் முகம் சிவந்தது, பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டான். கதவு திறக்கவில்லை, ஒரு கிலோ வெண்ணெய் கூட வீணாகவில்லை. அன்று ராத்திரி கரண்ட் வந்த பிறகு கேப்டன், என்ஜின்காரர்கள், டெக் துடைக்கிறவர்கள் எல்லோருமாக ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றோம். பிலிப்பைன்ஸ், கிரீஸ், எகிப்து, பர்மா. யார் என்ன ஆள் என்று எவன் கேட்டான். எனக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது என்று ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கல்யாண வீட்டில், கட்சிக் கூட்டத்தில், சலூனில். நன்றாகவும் சொல்வேன், நாலு பேர் தலையாட்டுவார்கள். அப்படியிருந்த நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அதை இப்போது எடுக்க வேண்டாம். பாட்டிலில் ஐஸ் இப்போது பாதி இருக்கும். பாதிக்கு மேலேயே இருக்கும்.

"அண்ணாச்சி, உள்ள இருக்கியளா?"

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் பின்வாசலில் நிற்கிறாள், கையில் ஒரு பாலிதீன் பை, பையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டுகிறது.

"அரைக்கிலோ சீலா வாங்கிட்டேன் அண்ணாச்சி, கரண்ட் போவும்னு தெரியாம. உங்க பிரிட்ஜ்லதான் ஐஸ் நிக்கும்னு தெருவே சொல்லுது. ஒரு ஓரமா வச்சுக்கிடட்டா?"

"நடை சாத்தியாச்சு தாயி. நாலு மணிக்குத்தான் திறப்போம்."

"ஐயே, அப்படி என்ன பூட்டி வச்சிருக்கிய?"

"பேஸ்ட்ரி. முத்தரசி வாரா."

சிரித்துக்கொண்டிருந்தவள் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். "அவ மட்டுமா, அந்தத் தம்பியுமா?"

"ரெண்டு பேருந்தான்."

"நல்ல காரியம் அண்ணாச்சி. நான் இதுல மஞ்சளத் தடவி வச்சுக்கிடுதேன், நீங்க இருங்க" என்று போய்விட்டாள். தெருவே சொல்லுதாம். பிரிட்ஜைப் பற்றி மட்டுமா சொல்லும். மூன்று வருடமாக இந்தத் தெரு என்னிடம் பேசும்போது மகள் என்கிற சொல்லைச் சுற்றிக்கொண்டு போகிறது, பேரன் பேத்தி பேச்சு வந்தால் சட்டென்று மழையைப் பற்றிப் பேசும். நான்தான் அப்படி ஆக்கி வைத்தேன்.

சரி, எடுத்துவிடுகிறேன், எடுக்க வேண்டாம் என்றால் அது போகப் போவதில்லை. முத்தரசி சென்னையில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையன், விழுப்புரம் பக்கம், இளம்பரிதி என்று பெயர், நல்ல படிப்பு. இந்த நாற்காலி கிடக்கிற இடத்தில்தான் நின்று சொன்னாள், பயப்படாமல் சொன்னாள், அப்பா ஊருக்கெல்லாம் பேசுகிற ஆள்தானே என்கிற தைரியம். அவன் என்ன ஆள், என்ன சாதி என்று கேட்டேன். சொன்னாள். அப்போது சொன்னேன், அவன் என் வீட்டுத் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டுமா என்று. அவ்வளவுதான், ஒரே வரி. எங்கிருந்து வந்தது அது. என் அப்பன் வாயிலிருந்து வந்தது, அவன் அப்பன் வாயிலிருந்து அவனுக்கு வந்தது, பதினெட்டு வருடம் கடலில் கழுவியும் போகாமல் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. கப்பலில் நான் பாகுபாடு பார்க்கவில்லை என்று சொன்னதெல்லாம் கப்பலோடு சரி, துறைமுகத்தில் இறங்கும்போது செருப்பை மாட்டிக்கொள்கிற மாதிரி இதையும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் கூட ஏதாவது மாற்றிச் சொல்லியிருப்பேன். "அப்ப அவர் சாப்பிடாத வீட்டுல நானும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்பா" என்றாள், பையை எடுத்தாள், போய்விட்டாள். ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். நான் போகவில்லை, என் பெண்டாட்டி சொர்ணத்தையும் போக விடவில்லை. அதற்கு அடுத்த வருடம் சொர்ணத்துக்குக் கண் ஆபரேஷன், அன்றைக்கு ஒரு நாள் முத்தரசி தனியாக வந்தாள், அம்மாவுக்கு மருந்து ஊற்றினாள், வீட்டைப் பெருக்கினாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரையே குடித்தாள். மத்தியானம் நான் இட்லி வாங்கி வந்து மேசையில் வைத்தேன், கண்டுகொள்ளவில்லை. என் வீம்பு அப்படியே அவளிடம் இருக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட, இதைப் போய் யாரிடம் சொல்வது.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது, சொர்ணத்துக்கு. திருச்செந்தூரில் அவருடைய நண்பர் வீட்டுப் பால்காய்ப்பு, திரும்பும்போது எட்டு மணி ரயில், நாலு மணிக்கு ரெண்டு பேரும் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறோம், சாப்பாடெல்லாம் வேண்டாம்மா. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் சொர்ணம், வேண்டுமென்றே போட்டாள் என்று நினைக்கிறேன். சாப்பாடுதானே வேண்டாம் என்றாள், பேஸ்ட்ரி சாப்பாடு ஆகுமா. அந்தப் பையன் முன்னால் என் கையால் கொண்டுபோய் வைப்பேன், அவன் ஒரு வாய் எடுத்துவிட்டால் இவளும் எடுப்பாள், எடுத்தே ஆக வேண்டும், அவள் வாயால் சொன்னது அது. எடுக்காமல் போனால் அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு வழி தெரியாது, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிற ஆள் கிடையாது நான், எனக்குத் தெரிந்த ஒரே வேலை இது. எடுப்பான். என் பேஸ்ட்ரியை வேண்டாம் என்று சொன்னவனை நான் இதுவரை பார்த்ததில்லை. கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண் அசந்திருப்பேன் போலிருக்கிறது. எங்கோ ஒரு சொட்டுச் சத்தம், திடுக்கென்று விழித்தால் குழாய்தான், பிரிட்ஜ் இல்லை. கதவின் ரப்பர் ஓரத்தில் விரலை வைத்துப் பார்க்கிறேன். சில்லென்று ஒரு கீற்று. இருக்கிறது. கதவில் காதை வைக்கலாமா என்று தோன்றுகிறது, வைத்தும் விட்டேன், ஒன்றும் கேட்கவில்லை, கஸ்டர்ட் என்ன பேசவா போகிறது. கஸ்டர்ட் புளிப்பதற்கு முன் ஓரத்தில் ஒரு ஈரம் கசியும், மாவுக் கிண்ணத்தின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம், அதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், திறந்தால் இந்த ஊர் வேக்காட்டுக் காற்று உள்ளே போய் ஜாம் பூச்சின் மேல் முத்து முத்தாக வேர்க்கும், வேர்த்தால் க்ரீம் இளகும். பார்க்க நினைப்பதே கெடுக்கிற வேலை. பார்க்காமல் நம்ப வேண்டும். அந்தப் பையனைப் பற்றியும் நான் ஒன்றும் பார்க்கவில்லை, பார்க்காமலேயே கெட்டது என்று முடிவு கட்டினேன், இப்போது பார்க்காமலேயே நல்லது என்று நம்ப வேண்டியிருக்கிறது. மணி ரெண்டரை. இன்னும் ஒன்றரை மணி நேரம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சொர்ணம் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தாள், புதுச்சேலை, பவுடர் கூடப் போட்டிருக்கிறாள்.

"ஏங்க, பூவ வெளிய எடுத்து வச்சிரட்டா? இப்ப எடுத்தாத்தான் அவ வாரதுக்குள்ள விரியும்."

"எந்தப் பூ?"

"பிச்சிப்பூதான். காலைல பூக்காரி வந்தாள்லா, நாலு முழம் வாங்கினேன்."

"எங்க வச்சிருக்க?"

"பிரிட்ஜ்லதான். வேற எங்க வைப்பாவ?"

"எப்ப வச்ச?"

"நீங்க குளிக்கப் போனப்ப. டக்குனு திறந்து டக்குனு மூடிட்டேன்."

"எந்தத் தட்டுல?"

"நடுத்தட்டுல. உங்க தட்டுக்குப் பின்னால, எல போட்டுத்தான் வச்சேன்."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது எனக்கு. "எத்தன வருசமாச் சொல்லுதேன், பேஸ்ட்ரி உள்ள இருக்கயில பூ, மீனு, வெங்காயம் ஒண்ணும் போவக்கூடாதுன்னு. எத்தன வருசமா?"

"சொல்லுதிய. இந்த வீட்டுல எல்லாத்தையும் நீங்கதான் சொல்லுதிய" என்றாள். குரல் ஏறவில்லை. "அவ கல்யாணத்துக்கு நான் ஒரு முழம் பூ வச்சு விடல. இன்னைக்காவது எங் கையால வைக்கணும்னு நினைச்சேன். அதுவும் தப்பா?"

நான் எழுந்து நின்றவன் திரும்ப உட்கார்ந்தேன். கப்பலாக இருந்தால் அந்த ஆளை மூன்று நாள் பாத்திரம் தேய்க்க விட்டிருப்பேன். இங்கே யாரைத் தேய்க்க விடுவது, பூ வைக்க விடாமல் செய்தவன் நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான். பிச்சிப்பூ. மல்லிகை கூடப் பரவாயில்லை, பிச்சி இருக்கிறதே, ஒரு முழம் இருந்தால் பஸ் முழுக்க மணக்கும். ஐந்து மணி நேரமாகத் திறந்த க்ரீமுக்குப் பக்கத்தில் நாலு முழம். யோசி லிங்கம். காலையில் வாங்கியது, மொட்டு. மொட்டுக்கு மணம் குறைவு, குளிரில் மொட்டு மொட்டாகவே கிடக்கும். ஆனால் குளிர் இறங்கிக்கொண்டிருக்கிறது, இறங்க இறங்க மொட்டு அவிழும், அவிழ்ந்தால் மணக்கும், மணந்தால் க்ரீம் குடிக்கும். இப்போதே திறந்து பூவை எடுத்துவிட்டால் மணம் நிற்கும், மிச்சமிருக்கிற குளிர் போய்விடும், ஒன்றரை மணி நேரம் தாங்காது, கஸ்டர்ட் போகும். திறக்காமல் விட்டால் கஸ்டர்ட் நிற்கும், மணம் ஏறும். பூவா கஸ்டர்டா. ஆறு எண்ணுவதற்குள் எடுத்து மூட முடியாதா, முடியும், என் கை வேகம் அப்படி, ஆனால் பின்னால் இருக்கிறது என்கிறாளே, தட்டை நகர்த்த வேண்டும், கோபுரத் திராட்சை சரியும், சரிந்ததை நிமிர்த்தக் கை போகும், ஆறு அறுபது ஆகும். அவள் டக்குனு திறந்ததில் எவ்வளவு போயிற்றோ, அவள் டக்கு ஒரு நிமிடம் இருக்கும். மூடி போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஒரு சுற்றுத் திராட்சை, உயரமாகத் தெரிய வேண்டும் என்கிற என் தலைக்கனம், அதுதான் உள்ளே வாசல் திறந்து வைத்தது. பூவா கஸ்டர்டா. மணத்தால் யாரும் சாவதில்லை, கெட்ட கஸ்டர்டைத் தின்றால் வயிறு போகும். மூன்று வருடம் கழித்து வருகிற மருமகனுக்கு நான் கொடுக்கிறது கெட்டுப்போனதாக மட்டும் இருக்கக்கூடாது. திறக்க வேண்டாம். முடிவு பண்ணிவிட்டேன். முடிவு பண்ணிய பிறகு ஒரு தெம்பு வருகிறது, அது எனக்கு எப்போதும் உண்டு, தப்பான முடிவுக்கும் வரும்.

"பூ உள்ளயே இருக்கட்டும். நாலு மணிக்கு ரெண்டையும் சேத்து எடுப்போம்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் திட்டாமல் விட்டது அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ரெண்டு பேரும் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் இப்படிச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தது குறைவு, பாதி வருடம் நான் கடலில், மீதி நான் பேச அவள் கேட்க. "சாப்பிடுவாளா?" என்று கேட்டாள். சாப்பிடுவா என்றேன். "அவரு?" சாப்பிடுவாரு என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கையாகத்தான் இருந்தது, சொல்லி முடித்த பிறகு இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. சொர்ணத்திடம் சொல்லவில்லை, ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆட்டோ நின்றது. முத்தரசி மெலிந்திருக்கிறாள், மூக்கில் புதுசாக ஒரு சின்னக் கல். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். அந்தப் பையன் உயரம், கண்ணாடி, வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தான். வைத்தார். வணக்கம் என்றார், நானும் கும்பிட்டேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், யாராவது எழுந்திருக்கச் சொன்னால் உடனே எழுந்துவிடலாம் என்பது போல, அதைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. சொர்ணம் ரெண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினோம். பால்காய்ப்பு நன்றாக நடந்ததாம். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன்.

திறந்தேன். முதலில் மூக்கில் ஏறியது பிச்சிதான், கல்யாண மண்டபத்து வாசலில் நுழைகிற மாதிரி, நான் போகாத அந்தக் கல்யாணத்தின் வாசம் எல்லாம் உள்ளேயே காத்திருந்து ஒரேயடியாக முகத்தில் அடித்தது. அதற்கடுத்துக் குளிர். இருந்தது, குறைவாக, ஆனால் இருந்தது, பாட்டிலுக்குள் விரல் அளவு ஐஸ் மிதந்தது. ஓரத்துக் கஸ்டர்டை விரல் நுனியால் அழுத்திப் பார்த்தேன், கெட்டி. கிண்ணத்தை நகத்தால் தட்டினேன், டொக் என்றது, துளி நமுப்பு இல்லை. விரலை நக்கினேன். பால், முட்டை, வனிலா, அத்தனையையும் அமுக்கிக்கொண்டு பூ. ஏழு மணி நேரம் காத்தேன், கெடவில்லை, ஆனால் என் பேஸ்ட்ரியாகவும் இல்லை. இதைக் கப்பலில் ஒருவன் செய்திருந்தால் கடலில் கொட்டச் சொல்லியிருப்பேன். பூவை எடுத்துப் பின்னால் நின்ற சொர்ணத்தின் கையில் கொடுத்தேன். நல்ல பீங்கான் தட்டில் ஒன்றே ஒன்றை எடுத்து வைத்தேன்.

அவருக்கு முன்னால் வைத்தேன்.

"மாப்ள, அன்னைக்கு நான் சொன்னது உங்க காதுக்கு வந்திருக்கும். கேவலமான பேச்சு அது. உங்களச் சாப்பிடச் சொல்ல எனக்கு மூஞ்சி கிடையாது. ஆனாலும் கேக்கேன், சாப்பிடுங்க."

அவர் முத்தரசியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டாள் போலிருந்தது. ஸ்பூன் கொண்டுவர மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கையாலேயே எடுத்தார், என் வீட்டுத் தட்டிலிருந்து, ஒரு கடி கடித்தார், உச்சித் திராட்சை ஒன்று உருண்டு தட்டில் விழுந்தது. மென்றார். நெற்றி லேசாகச் சுருங்கியது.

"மாமா, இதுல பூ வாசன வருதுங்க."

பிரான்சில் இப்படித்தான் செய்வார்கள் என்று ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அதை நான் சொன்னால் யாரும் நம்புவார்கள். "ஆமா. அவளுக்கு வைக்க அத்தை வாங்குன பூவும் நான் செஞ்ச இதும் ஒரே தட்டுல இருந்திருச்சு" என்றேன்.

"நல்லாத்தாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு இன்னொரு கடி கடித்தார். மரியாதைக்குச் சொல்கிறாரா, தெரியவில்லை. முத்தரசி கையை நீட்டினாள். அவர் தட்டில் மீதியிருந்த பாதியை எடுத்தாள், வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் உப்ப மெதுவாக மென்றாள், விழுங்கினாள், டம்ளரை எடுத்துத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். சொர்ணம் பூவோடு சமையலறைக்குள் போய்விட்டாள், உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தேதி ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இன்னும் எத்தன இருக்குப்பா?"

"பதினொண்ணு இருக்கு."

"ரயில்ல கொண்டு போலாமா? எவ்வளவு நேரம் தாங்கும்?"

இதைப் போய் என்னிடம் கேட்கிறாள். பரணில் தெர்மோகோல் பெட்டி இருக்கிறது, தெருமுனையில் மீன்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற கடை இருக்கிறது. ஈரத் துண்டைச் சுற்றி, இடையில் அட்டை கொடுத்து, அசையாமல் கட்டினால் சென்னை என்ன, டெல்லி வரைக்கும் போகும். என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வேன், பதினெட்டு வருடத்தில் கேப்டனுக்குக் கூட மாற்றிச் சொன்னதில்லை.

"தாங்காது" என்றேன். "வெளிய எடுத்தா ஒரு மணி நேரம்கூட நிக்காது. இங்க இருந்துதான் சாப்பிடணும். இன்னைக்கு ரெண்டு, நாளைக்குக் காலைல ரெண்டு."

சமையலறை வாசலில் வந்து நின்ற சொர்ணம் பரணை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். முத்தரசி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் லீவில் வரும்போதெல்லாம் என் கூடவே நின்று ஐஸ் உடைத்து, பெட்டி கட்டி, எது எத்தனை மணி நேரம் நிற்கும் என்று மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளை அது, அவளிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறேன். நான் கண்ணை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"தாங்காதாங்க. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து, நாளைக்கு ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.